வழக்கு எந்த ஊரில்? ஃபாலி நாரிமனும் போபாலும்

இன்றைய எபிசோடில் ஒரு வக்கீலைப் பற்றிப் பேசப் போகிறேன். பெயர் ஃபாலி எஸ். நாரிமன்.

நம்ம பக்கம் இந்தப் பெயரைப் பெரும்பாலும் காவிரிச் செய்திகளில்தான் கேட்டிருப்போம். கர்நாடக அரசுக்காக, தமிழ்நாட்டுக்கு எதிர்த்தரப்பில், பல பத்தாண்டுகள் வாதாடியவர். 2014 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட்டில் ஜெயலலிதாவுக்கு ஜாமீன் கேட்டு வாதாடி வாங்கித் தந்தவரும் அவர்தான். அதனால் ஒரு சிலருக்கு அவர்மேல் கோபம், ஒரு சிலருக்கு நன்றி. ஆனால் வெளிநாட்டு வக்கீல்களிடம் போய் நாரிமன் என்று சொன்னால் அவர்களுக்குக் காவிரி ஞாபகம் வராது. ஆர்பிட்ரேஷன்தான் ஞாபகம் வரும்.

ஆர்பிட்ரேஷன் என்றால் என்ன? இரண்டு கம்பெனிகள் ஒப்பந்தம் போடும்போதே, "நாளைக்கு நமக்குள் சண்டை வந்தால் கோர்ட்டுக்குப் போக வேண்டாம், நாமே தேர்ந்தெடுக்கிற நடுவர்களிடம் போகலாம்" என்று எழுதி வைத்துக்கொள்வது. பஞ்சாயத்து மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். ஆனால் இந்தப் பஞ்சாயத்து சொல்கிற தீர்ப்புக்குச் சட்டத்தின் பலம் உண்டு. ஒரு கம்பெனி ஒரு நாட்டிலும் இன்னொரு கம்பெனி வேறொரு நாட்டிலும் இருந்தால் அது சர்வதேச ஆர்பிட்ரேஷன். இந்தத் துறையில் உலகம் மதிக்கிற அமைப்பு, வணிக ஆர்பிட்ரேஷனுக்கான சர்வதேச கவுன்சில். சுருக்கமாக ஐசிசிஏ. 1994 முதல் 2002 வரை அதன் தலைவர் நாரிமன். பாரிஸில் இருக்கும் சர்வதேச வர்த்தக சபையின் ஆர்பிட்ரேஷன் கோர்ட்டிலும் துணைத் தலைவராக இருந்தார்.

நாடு தாண்டிய வழக்குகளில் முதல் கேள்வி "யார் செய்தது தப்பு?" இல்லை. "இதை எந்த ஊரில் வைத்து விசாரிப்பது?" என்பதுதான். கேட்டால் ஏதோ வெறும் நடைமுறை விஷயம் மாதிரி இருக்கும். பல வழக்குகளில் ஜெயிப்பதும் தோற்பதும் அந்தக் கேள்வியிலேயே முடிந்துவிடும். நாரிமன் வாழ்க்கையிலேயே அதிகம் பேசப்பட்ட வழக்கில் அதுதான் நடந்தது. அது போபால் வழக்கு. அவர் நின்றது யூனியன் கார்பைடு கம்பெனியின் பக்கம்.

கொஞ்சம் முன்னால் இருந்து வருவோம்.

நாரிமன் பிறந்தது 1929 ஜனவரி 10, ரங்கூனில். பார்சி குடும்பம். அந்தக் கால ரங்கூன் நமக்கும் அந்நிய ஊர் இல்லை. செட்டியார்களின் கடைகள், துறைமுகத்தில் தமிழ்க் கூலிகள் என்று நம்ம ஆட்கள் நிறைந்த ஊர். 1942-ல் ஜப்பான் படை பர்மாவுக்குள் வந்ததும் லட்சக்கணக்கான இந்தியர்கள் காடும் மலையும் தாண்டி இந்தியாவுக்கு ஓடி வந்தார்கள். அந்தக் கூட்டத்தில் நாரிமன் குடும்பமும் ஒன்று. அப்போது அவருக்கு 13 வயது.

சிம்லாவில் பள்ளிப் படிப்பு, பம்பாயில் கல்லூரி, சட்டப் படிப்பு. 1950-ல் பம்பாய் ஹைகோர்ட்டில் வக்கீலாகப் பதிவு செய்கிறார். ஜாம்ஷெட்ஜி காங்கா என்ற பெரிய வக்கீலின் சேம்பரில் வளர்ந்தவர். அதே சேம்பரில் இருந்து வந்த இன்னொருவர் நானி பல்கிவாலா. இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், போபால் கதையில் திரும்பவும் வருவார்.

1972-ல் நாரிமன் மத்திய அரசின் கூடுதல் சொலிசிட்டர் ஜெனரல் ஆகிறார். 1975 ஜூனில் இந்திரா காந்தி எமர்ஜென்சி அறிவித்ததும் அந்தப் பதவியை ராஜினாமா செய்கிறார். எமர்ஜென்சியை எதிர்த்துப் பதவியைத் தூக்கிப் போட்ட அரசு வக்கீல் என்ற பெயர் கடைசிவரை அவர்கூடவே இருந்தது. அப்படிப்பட்டவர் கார்பைடு பக்கம் நின்றார் என்பதுதான் பின்னாளில் பலருக்கு நெருடலாக இருந்தது.

அந்தக் காலத்தில் இந்தியாவில் ஆர்பிட்ரேஷன் எப்படி நடந்தது என்று பார்ப்போம். 1958-ல் ஐ.நா. முயற்சியில் நியூயார்க் உடன்படிக்கை வந்தது. ஒரு நாட்டில் நடுவர்கள் சொன்ன தீர்ப்பை, உடன்படிக்கையில் சேர்ந்த மற்ற நாட்டுக் கோர்ட்டுகளும் ஏற்று நிறைவேற்றித் தர வேண்டும், மிகச் சில காரணங்களுக்காக மட்டுமே மறுக்கலாம். இன்றைக்கு 170-க்கும் மேற்பட்ட நாடுகள் அதில் இருக்கின்றன. இந்தியா 1960-லேயே சேர்ந்து, 1961-ல் அதற்காகத் தனிச் சட்டமும் போட்டுவிட்டது.

சட்டம் இருந்தது. நடைமுறை? உத்தரப் பிரதேசத்தில் ரேணுசாகர் என்ற மின் கம்பெனி, அனல்மின் நிலையம் அமைக்க அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியோடு 1964-ல் ஒப்பந்தம் போட்டது. பணம் கொடுப்பதில் தகராறு. விஷயம் பாரிஸ் வர்த்தக சபையின் நடுவர்களிடம் போனது. இடையில் இந்தியக் கோர்ட்டுகளில் வழக்குமேல் வழக்கு. நடுவர்கள் தீர்ப்பு சொன்னது 1986-ல். அதை நிறைவேற்றலாம் என்று நம்ம சுப்ரீம் கோர்ட் முடிவாகச் சொன்னது 1993 அக்டோபரில். ஒப்பந்தம் போட்ட நாளில் இருந்து கணக்குப் போட்டால் 29 வருஷம். இரண்டு பக்கமும் பெரிய கம்பெனிகள், வக்கீல் வைக்கப் பணம் இருக்கிறவர்கள். அவர்களுக்கே இந்த நிலை.

இப்போது போபாலுக்கு வருவோம்.

1984 டிசம்பர் 2, 3-க்கு இடைப்பட்ட இரவு. யூனியன் கார்பைடு பூச்சிக்கொல்லி ஆலையில் இருந்து மெத்தில் ஐசோசயனேட் வாயு கசிந்து, தூங்கிக்கொண்டிருந்த ஊருக்குள் பரவியது. ஆயிரக்கணக்கானோர் செத்தார்கள், லட்சக்கணக்கானோர் பாதிக்கப்பட்டார்கள். ஆலையை நடத்தியது யூனியன் கார்பைடு இந்தியா லிமிடெட். அதில் 50.9 சதவீதப் பங்கு அமெரிக்கத் தாய்க் கம்பெனியிடம் இருந்தது.

சில நாட்களுக்குள் அமெரிக்க வக்கீல்கள் விமானம் ஏறி போபால் வந்தார்கள். பாதிக்கப்பட்டவர்களிடம் கையெழுத்தும் கைநாட்டும் வாங்கிப் போய் அமெரிக்காவில் வழக்குப் போட்டார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட வழக்குகள் சேர்ந்தன. இந்திய அரசு 1985-ல் ஒரு சட்டம் கொண்டு வந்தது: பாதிக்கப்பட்ட எல்லாருக்கும் சேர்த்து அரசே வழக்கு நடத்தும். அதன்படி அரசும் நியூயார்க்கில் உள்ள ஃபெடரல் கோர்ட்டுக்குப் போனது. எல்லாம் நீதிபதி ஜான் கீனன் முன்னால் வந்தன.

அமெரிக்காவிலேயே வழக்கு நடக்கட்டும் என்று இந்திய அரசு ஏன் நினைத்தது? அங்கே ஜூரி உண்டு, இழப்பீட்டுத் தொகை பெரிது, கம்பெனியின் உள் ஆவணங்களைக் கேட்டு வாங்குகிற உரிமை அதிகம். கார்பைடு ஏன் இந்தியாவுக்குப் போகட்டும் என்றது? அதே காரணங்களுக்காகத்தான்.

அப்போது அந்தக் கோர்ட்டில் நடந்த வாதத்தைக் கேளுங்கள். இந்திய அரசு தன் பக்கத்துக்கு மார்க் கேலன்டர் என்ற அமெரிக்கச் சட்டப் பேராசிரியரின் வாக்குமூலத்தைத் தாக்கல் செய்தது. இந்தியக் கோர்ட்டுகளில் தாமதம் அதிகம், இந்த மாதிரிப் பெரிய விபத்து வழக்குகளில் அனுபவம் குறைவு, இவ்வளவு பெரிய வழக்கை அவற்றால் தாங்க முடியாது என்று அவர் சொன்னார். கார்பைடு தாக்கல் செய்தது யாருடைய வாக்குமூலம் தெரியுமா? நானி பல்கிவாலா. இந்திய நீதித்துறைக்கு இந்த வழக்கை நடத்தும் திறமை எல்லாம் உண்டு என்றார் அவர். ஆக, நம்ம கோர்ட் சரியில்லை என்று நம்ம அரசாங்கமே சொல்கிறது. இந்தியக் கோர்ட் அருமையான கோர்ட் என்று அமெரிக்கக் கம்பெனி சொல்கிறது.

1986 மே 12-ல் கீனன் தீர்ப்பு சொன்னார். வழக்குக்கு வசதியான இடம் இதுவல்ல, இந்தியாதான் என்று தள்ளுபடி செய்தார். சட்ட மொழியில் இதற்கு ஃபோரம் நான் கன்வீனியன்ஸ் என்று பெயர். சாட்சிகள் இந்தியாவில், ஆலை இந்தியாவில், செத்தவர்கள் இந்தியாவில் என்பது அவர் காரணம். இந்தியா இன்று வளர்ந்த ஒரு சக்தி, அதன் கோர்ட்டுகளை நம்பாமல் அமெரிக்கா தன் தீர்ப்பைத் திணித்தால் அது பழைய ஏகாதிபத்தியம் மாதிரி ஆகிவிடும் என்ற பொருளிலும் எழுதினார். படிக்கிறதுக்குக் கௌரவமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கௌரவத்தால் லாபம் கார்பைடுக்கு.

கீனன் மூன்று நிபந்தனைகள் போட்டார். கார்பைடு இந்தியக் கோர்ட்டின் அதிகாரத்தை ஏற்க வேண்டும். முறையாக விசாரித்து இந்தியக் கோர்ட் சொல்கிற தீர்ப்புப் பணத்தைக் கட்ட வேண்டும். அமெரிக்க விதிகளின்படி ஆவணங்களைக் கொடுக்க வேண்டும். 1987 ஜனவரியில் மேல்முறையீட்டுக் கோர்ட் முதல் நிபந்தனையை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் எடுத்துவிட்டது.

வழக்கு போபால் மாவட்டக் கோர்ட்டுக்கு வந்தது. இனிமேல் கார்பைடின் இந்தியச் சீனியர் வக்கீல் நாரிமன். 1987 டிசம்பரில் மாவட்ட நீதிபதி தேவ், முழு விசாரணைக்கு முன்பே இடைக்கால நிவாரணமாக 350 கோடி ரூபாய் கட்டச் சொன்னார். 1988 ஏப்ரலில் மத்தியப் பிரதேச ஹைகோர்ட் அதை 250 கோடியாகக் குறைத்தது. இரண்டு தரப்பும் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயின.

இங்கேதான் "எந்த ஊர்" என்ற கேள்வி திரும்பவும் முளைக்கிறது. 250 கோடி கட்டு என்று இந்தியக் கோர்ட் சொல்லிவிட்டது, சரி. கார்பைடின் பெரிய சொத்து இருப்பது அமெரிக்காவில். அங்கே போய் வசூல் பண்ண முடியுமா? இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் இடையில் ஒரு நாட்டுக் கோர்ட் தீர்ப்பை இன்னொரு நாடு ஏற்கும் ஒப்பந்தம் கிடையாது. விசாரணை முடியாமலேயே கட்டச் சொன்ன தொகை இது, எங்கள் தரப்பை முழுசாகக் கேட்கவில்லை என்று கம்பெனி அமெரிக்கக் கோர்ட்டில் வாதாடும். அதற்கு இன்னும் எத்தனை வருஷமோ.

ஒப்பிட்டுப் பாருங்கள். ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனிக்குப் பாரிஸ் நடுவர்கள் தந்த தீர்ப்பு, தாமதமானாலும், நியூயார்க் உடன்படிக்கை என்ற பாஸ்போர்ட்டோடு இந்தியாவுக்கு வந்து பணத்தை வாங்கித் தந்தது. போபால் பெண்களின் தீர்ப்புக்கு அந்த மாதிரி பாஸ்போர்ட் எதுவும் இல்லை. ஆர்பிட்ரேஷன் என்பது ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர்களுக்கு. ஆலைக்குப் பக்கத்தில் குடியிருந்தவர்கள் எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்துப் போடவில்லை. அவர்கள் மூச்சு விட்டார்கள், அவ்வளவுதான்.

1989 பிப்ரவரி 14. தலைமை நீதிபதி ஆர்.எஸ். பாடக் தலைமையிலான சுப்ரீம் கோர்ட் அமர்வு, மொத்தக் கணக்கையும் 47 கோடி டாலரில் முடிக்கலாம் என்று சொன்னது. இரண்டு தரப்பும் ஏற்றன. கார்பைடு பக்கம் நாரிமன். அரசு பக்கம் அட்டர்னி ஜெனரல் கே. பராசரன், நம்ம ஸ்ரீரங்கத்துக்காரர். இந்திய அரசு முதலில் கேட்டது 300 கோடி டாலருக்கும் மேல். கிடைத்தது அதில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை. கிரிமினல் வழக்குகளும் ரத்து என்று அந்த உடன்பாட்டில் இருந்தது.

போபாலில் கொதிப்பு. எங்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்றார்கள் பாதிக்கப்பட்டவர்கள். சட்டப்படி அவர்கள் வழக்கின் கட்சிக்காரர்கள்கூட இல்லை, அவர்களுக்குப் பதில் அரசு. மறு ஆய்வு மனுக்கள் வந்தன. 1991 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட் கிரிமினல் வழக்குகளைத் திரும்ப உயிர்ப்பித்தது. தொகையை மாற்றவில்லை. செட்டில்மென்ட் கணக்குப் போட்டபோது வைத்த மரண எண்ணிக்கை சுமார் 3,000. பின்னாளில் மரண இழப்பீடு கொடுக்கப்பட்டது 5,000-க்கும் மேற்பட்டவர்களுக்கு. காயம் பட்டவர்களாக ஏற்கப்பட்டவர்கள் 5 லட்சத்துக்கும் மேல். பணம் அதேதான், பங்கு கேட்கிற கைகள் மட்டும் கூடிக்கொண்டே போயின. கூடுதல் இழப்பீடு கேட்டு அரசு போட்ட கடைசி மனுவையும் 2023 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட் தள்ளுபடி செய்துவிட்டது.

நாரிமனைத் திட்டியவர்களில் முக்கியமானவர் சட்டப் பேராசிரியர் உபேந்திர பக்ஷி. நாரிமன் ஓடி ஒளியவில்லை. பதில் எழுதினார். இந்த உடன்பாடு இல்லாவிட்டால் பாதிக்கப்பட்டவர்களுக்கு எந்தப் பணமும் எப்போது கிடைத்திருக்கும் என்பது அவர் தரப்பு. அதை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. ரேணுசாகர் வழக்கு ஓடின வேகத்தைத்தான் இப்போது பார்த்தோமே.

ஆனால் வயதான பிறகு இன்னொன்றும் சொன்னார். பேட்டியிலும் எழுத்திலும். பின்னால் தெரியவந்ததெல்லாம் அன்றைக்கே தெரிந்திருந்தால் அந்தக் கேஸை எடுத்திருக்க மாட்டேன் என்றார். பெரிய வழக்கு, பேர் வரும் என்ற ஆசை வக்கீலுக்கு இருக்கும், எனக்கும் இருந்தது, பிறகுதான் அது வழக்கு இல்லை, ஒரு பெருந்துயரம் என்று புரிந்தது என்ற அர்த்தத்தில் பேசினார். "கட்சிக்காரர் யாரானாலும் வாதாடுவது வக்கீல் தொழில்" என்ற ஒரு வரியில் அவர் தப்பித்துப் போயிருக்கலாம். போகவில்லை. நான் அவரை மதிப்பதற்கு அது ஒரு காரணம். அதனால் போபாலுக்கு ஒரு பைசா கூடவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லணும்.

பாதியில் கேஸை விட்ட சந்தர்ப்பங்களும் அவர் வாழ்க்கையில் உண்டு. நர்மதா வழக்கில் குஜராத் அரசுக்கு வக்கீலாக இருந்தவர், அங்கே கிறிஸ்தவர்கள் தாக்கப்பட்டபோது அந்தக் கேஸைத் திருப்பிக் கொடுத்தார். 2016 செப்டம்பரில் தண்ணீர் திறக்கச் சொன்ன உத்தரவைக் கர்நாடகம் மீறியபோது, இனி உங்களுக்காக வாதாட மாட்டேன் என்று சுப்ரீம் கோர்ட்டிலேயே சொன்னார். கோர்ட் உத்தரவை மதிக்காத கட்சிக்காரருக்கு நான் எப்படிப் பேசுவது என்பது அவர் நியாயம்.

இனி ஆர்பிட்ரேஷன் கதையின் மிச்சம். 1996-ல் இந்தியா பழைய 1940-ம் வருஷச் சட்டத்தைத் தூக்கிவிட்டு, ஐ.நா. மாதிரிச் சட்டத்தை ஒட்டிப் புதுச் சட்டம் கொண்டு வந்தது. கோர்ட் தலையீடு குறையணும் என்பதுதான் நோக்கம். ஆனால் 2003-ல் ஓஎன்ஜிசி, சா பைப்ஸ் வழக்கில், நடுவர் தீர்ப்பு சட்டத்துக்கு வெளிப்படையாக முரணாக இருந்தால் கோர்ட் அதை ரத்து செய்யலாம் என்று சுப்ரீம் கோர்ட் கதவைத் திறந்துவிட்டது. கடிகாரத்தை மறுபடி 1940-ம் வருஷச் சட்டத்துக்கே திருப்பி வைத்துவிட்டார்கள் என்று நாரிமன் வெளிப்படையாகவே விமர்சித்தார். பின்னால், 2015 திருத்தத்தில் பாராளுமன்றம் அந்தக் கதவைப் பாதி மூடியது. 2020-ல் லண்டன் நடுவர் தீர்ப்பு ஒன்றை நிறைவேற்றச் சொல்லி, வெளிநாட்டுத் தீர்ப்புகளில் கோர்ட் எவ்வளவு குறைவாகத் தலையிடணும் என்று விளக்கி சுப்ரீம் கோர்ட் ஒரு தீர்ப்பு எழுதியது. எழுதிய நீதிபதி ரோஹிண்டன் நாரிமன், இவருடைய மகன்.

போபால் வாதம் இதற்கிடையில் வேறு வேஷத்தில் திரும்ப வந்ததையும் சொல்லணும். ஒயிட் இண்டஸ்ட்ரீஸ் என்ற ஆஸ்திரேலியக் கம்பெனி, கோல் இந்தியாவுக்கு எதிராக 2002-ல் ஒரு நடுவர் தீர்ப்பு வாங்கியது. இந்தியக் கோர்ட்டுகளில் அது வருஷக்கணக்கில் கிடந்தது. கம்பெனி, முதலீட்டு ஒப்பந்தத்தின் கீழ் இந்திய அரசையே சர்வதேச நடுவர்கள் முன்னால் இழுத்தது. 2011 நவம்பரில் நடுவர்கள் சொன்னார்கள்: உரிமையை நிலைநாட்ட உருப்படியான வழியை இந்தியா தரவில்லை, ஆகவே அரசு பணம் கட்டணும். சுமார் 40 லட்சம் ஆஸ்திரேலிய டாலர், வட்டி தனி.

1985-ல் நியூயார்க்கில் "எங்கள் கோர்ட்டுகள் தாமதமானவை" என்று சொன்னது இந்திய அரசு. யாரும் கேட்கவில்லை. 26 வருஷம் கழித்து அதே விஷயத்தை ஒரு வெளிநாட்டுக் கம்பெனி சொன்னது. கேட்டார்கள், காசும் கிடைத்தது. வித்தியாசம் என்ன? கம்பெனியின் கையில் ஒரு ஒப்பந்தம் இருந்தது, அதற்குப் பின்னால் ஒரு முதலீட்டு உடன்படிக்கை இருந்தது. போபால்காரர்கள் கையில் ஆஸ்பத்திரிச் சீட்டு இருந்தது.

கோர்ட் தீர்ப்புகளுக்கும் நாடு தாண்டிப் போக ஒரு பாஸ்போர்ட் வேணும் என்று 2019-ல் ஹேக் நகரில் ஓர் உடன்படிக்கை உருவாகி, 2023-ல் நடைமுறைக்கும் வந்திருக்கிறது. இந்தியா அதில் இன்னும் சேரவில்லை. சேர்ந்தால் நமக்கு எதிரான தீர்ப்புகளும் இங்கே வரும், அதனால் அரசு யோசிப்பது இயல்பு. ஆனால் யோசிக்கிறபோது வியாபாரிகளின் லாப நஷ்டத்தை மட்டும் பார்க்கக்கூடாது. இன்றைக்கும் நம்ம நாட்டில் வெளிநாட்டுக் கம்பெனிகளின் ஆலைகள் இருக்கின்றன, அந்த ஆலைகளுக்குப் பக்கத்தில் ஜனங்கள் குடியிருக்கிறார்கள். நாளைக்கு ஒரு ஆபத்து வந்தால் அவர்கள் வாங்குகிற தீர்ப்பு எந்த எல்லை வரைக்கும் செல்லும் என்பது இப்போதே கேட்க வேண்டிய கேள்வி.

ஃபாலி நாரிமன் 2024 பிப்ரவரி 21-ல், 95-வது வயதில், டெல்லியில் காலமானார். கடைசிவரை படித்துக்கொண்டும் எழுதிக்கொண்டும் இருந்தவர். அவருடைய சுயசரிதையில் போபாலுக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. அவர்மேல் கோபம் இருக்கிறவர்களும் அதைப் படிக்கலாம்.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.